அம்மாயியும் அபுவேலாவும்: வாசகர் கேள்வி – பதில்

ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஒருங்கே வேர் கொண்ட குடும்பங்களைப் பற்றி முன்பொரு முறை இப்பகுதியில் ஒரு வாசகருக்கு இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். நமக்குத் தொலைவான செய்தி என்று கருதியே அவ்வளவு சுருக்கமாக எழுதினேன். அதன் பின் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மகளையோ மகனையோ பேரக்குழந்தையையோ பற்றியவை. எனவே இந்த இதழ் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

என் மகள் கலிபோர்னியாவில் வேலை செய்கிறாள். மருமகனின் பெற்றோர் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து குடியேறியவர்கள். ஆறு வயதுப் பேத்தி என்னை அம்மாயி என்றும், அந்தப் பாட்டியை அபுவேலா என்றும் அழைக்கிறாள். பள்ளிப் படிவத்தில் அவளை ஹிஸ்பானிக் என்றும் ஆசியர் என்றும் இரண்டையும் குறித்ததாக மகள் சொல்கிறாள். இங்கே கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? அவள் யார்?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி

அம்மா, உங்கள் மகள் செய்தது அந்நாட்டு விதிப்படி சரியானதே. ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ (ஸ்பானிய மொழி வழியினர் அல்லது லத்தீன் அமெரிக்க வழியினர்) என்பதை வம்சாவளி பற்றிய ஒரு கேள்வியாகவும், வெள்ளையர், கறுப்பர், ஆசியர் முதலியவற்றை இனம் பற்றிய மற்றொரு கேள்வியாகவும் அமெரிக்க அரசு நெடுங்காலமாகத் தனித்தனியே கேட்டு வந்துள்ளது. ஆகவே ஒருவர் லத்தீனோவாகவும் ஆசியராகவும் இருப்பதில் படிவத்தைப் பொறுத்தவரை முரண்பாடே இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கும் உரிமை 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தது. 2024 மார்ச்சில் வெளியான புதிய நெறிமுறை அவ்விரு கேள்விகளையும் ஒன்றாக்கி, பொருந்துவன அனைத்தையும் குறிக்கலாம் என்று கூறுகிறது.

ஆனால் “அவள் யார்” என்று படிவத்திடம் கேட்பதில் பயனில்லை. ஏனெனில் படிவம் தன் விடையை அடிக்கடி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘மெக்சிகன்’ என்பது ஓர் இனமாக இருந்தது. இந்தியாவிலிருந்து சென்றவர்கள், சீக்கியராயினும் முஸ்லிமாயினும், ‘ஹிந்து’ என்ற இனத்தில் எழுதப்பட்டனர். வெள்ளையரல்லாத இரு இனத்தாருக்குப் பிறந்த பிள்ளையைப் பெரும்பாலும் தந்தையின் இனத்தில் எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களுக்குக் கட்டளை இருந்தது. அதன்படி உங்கள் பேத்தி அப்போது பிறந்திருந்தால் மெக்சிகன் என்று மட்டுமே பதிவாகியிருப்பாள். உங்கள் மகளின் தடமே அந்த ஏட்டில் இருந்திராது. அடுத்த கணக்கெடுப்பிலேயே மெக்சிகோ வம்சாவளியினர் மீண்டும் வெள்ளையராக எண்ணப்பட்டனர். 1970இல் இந்தியர்களும் வெள்ளையரில் சேர்க்கப்பட்டு, 1980இல் ‘ஆசிய இந்தியர்’ என்ற தனிப் பிரிவைப் பெற்றனர். அதாவது ஒரே பிள்ளையை அரசு வெவ்வேறு கணக்கெடுப்புகளில் வெவ்வேறு இனத்தவராக எழுதியிருக்கும்.

தந்தை வழியை மட்டும் பார்க்கும் இப்பழக்கம் நமக்கும் புதிதன்று. நம் அரசியல் சட்டத்தின் 366(2)ஆம் பிரிவு, தந்தையோ தந்தை வழி ஆண் மூதாதையரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருந்தால்தான் ஒருவரை ஆங்கிலோ இந்தியர் என்று ஏற்கிறது. ஏற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அச்சமூகத்தாருக்கு இது நன்கு தெரியும். தாய் மட்டும் ஆங்கிலோ இந்தியராக இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தும் சட்டத்தின் கணக்கில் வெளியே நின்றார்கள்.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்கிறீர்கள். “என் மகள் வயிற்றுப் பேத்தி” என்று சொல்லுங்கள். அது முழுமையான விடை. “பாதித் தமிழ், பாதி மெக்சிகோ” என்று அவள் காதுபடச் சொல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தன்னிடம் ஏதோ குறைவதாகத்தான் கேட்கும். இப்படி வளர்ந்தவர்கள் பெரியவர்களான பின் அடிக்கடி சொல்லும் குறையும் இதுவே: ஒரு பக்கத்து உறவினர் “நீ எங்களைப் போல் இல்லை” என்றும், மறு பக்கத்தார் “உனக்கு நம் மொழி வராதே” என்றும் சொல்லிச் சொல்லி, இரண்டு வீடுகளிலும் விருந்தாளியாகவே நடத்தினார்கள் என்கிறார்கள்.

இந்தியர்களும் மெக்சிகோ மக்களும் மணந்துகொள்வது இக்காலத்துக் கணினித் துறை வேலைகளால் வந்ததுதானா? இதற்கு முன் எப்போதாவது நடந்திருக்கிறதா?
— கல்லூரி மாணவி, ஏற்காடு

நூறாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதற்குக் காரணமானவை காதலும் பருத்தி வயலும் மட்டுமல்ல, சட்டங்களும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து, பெரும்பாலும் சீக்கியரான உழவர்கள், அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரம் அறுக்கும் ஆலைகளுக்கும் இருப்புப்பாதைப் பணிக்கும் சென்று, பிறகு கலிபோர்னியாவின் வயல்களுக்கு வந்து சேர்ந்தனர். மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் முலாம்பழமும், வடக்கே யூபா சிட்டியைச் சுற்றி பீச் பழத் தோட்டங்களும் அவர்கள் கையால் விளைந்தன. 1913இல் வந்த கலிபோர்னியா நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டார் நிலம் வாங்குவதைத் தடுத்தது. 1917இன் குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆட்கள் வருவதையே நிறுத்தியது. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரவோ, ஊருக்குப் போய் மணம் முடித்துத் திரும்பவோ வழியில்லாமல் போயிற்று. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் சட்டம் கூறும் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமைக்கு உரியவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. (விடுதலைப் போராட்ட வீரர் பகத் சிங்குடன் இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர்.)

அதே காலத்தில், 1910இல் மூண்ட மெக்சிகோப் புரட்சியின் துன்பங்களிலிருந்து தப்பிய குடும்பங்கள் எல்லை கடந்து அதே வயல்களுக்குப் பருத்தி எடுக்க வந்தன. கலிபோர்னியாவில் வெள்ளையரும் பிற இனத்தாரும் மணப்பது அன்று சட்ட விரோதம். ஆனால் பஞ்சாபி ஆணும் மெக்சிகோப் பெண்ணும் உரிமம் கேட்டு நின்றபோது, இருவரும் ஒரே நிறமாகத் தோன்றினால் எழுத்தர் பல ஊர்களில் மறுக்கவில்லை. சில உரிமங்களில் இனம் என்ற இடத்தில் ‘பழுப்பு’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு அமைந்தன. ஒரு பெண் மணந்துகொண்டால், அவளுடைய தங்கையோ சித்தி மகளோ அவள் கணவனோடு கூட்டாகப் பயிர் செய்த விவசாயியை மணப்பது வழக்கமாயிற்று. அந்தத் தடைச் சட்டம் 1948இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அவ்வழக்கைத் தொடுத்த ஆந்திரியா பெரஸ் மெக்சிகோ வம்சாவளிப் பெண், ஏட்டில் ‘வெள்ளையர்’. அவர் மணக்க விரும்பியவர் கறுப்பர்.

அந்த வீடுகளில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதுதான் உன் கேள்விக்கு உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன், அம்மணி. பெயரின் முன்பகுதி ஸ்பானியம், பின்பகுதி சிங். திருமுழுக்குக் கத்தோலிக்கக் கோயிலில். ஞானப்பெற்றோராக நிற்பவர்கள் இதே போன்ற இன்னொரு தம்பதியர். வீட்டு மொழி ஸ்பானியம், ஏனெனில் பகல் முழுவதும் பிள்ளைகளுடன் இருந்தவள் தாய். தந்தையும் வேலையாட்களுடன் பேச அதையே கற்றுக்கொண்டிருந்தார். பஞ்சாபி பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்குச் செல்லவில்லை. சமையலறை மட்டும் இருவருக்கும் பொதுவாயிற்று: ரொட்டியும், மெக்சிகோவின் சோளச் சப்பாத்தியான தோர்த்தியாவும், இரண்டு நாட்டு மிளகாய்க் குழம்புகளும் ஒரே அடுப்பில் வெந்தன. பிள்ளைகள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் என்பதால், சில தந்தையர் நிலத்தைப் பிள்ளைகள் பெயரில் எழுதி வைத்து 1913ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சமாளித்தனர்.

1946இல் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி திறந்தது. 1965க்குப் பின் பஞ்சாபிலிருந்து முழுக் குடும்பங்களாகப் புதியவர்கள் வந்தபோது, ஸ்பானியம் பேசும் இந்தச் சிங்குகளைத் தம்மவராக ஏற்கப் பலர் தயங்கினர். வெள்ளையர் ஊரில் ‘மெக்சிகன் ஹிந்து’ என்று ஒதுக்கப்பட்டவர்கள், தந்தையின் சொந்த ஊர்க்காரராலும் ஒதுக்கப்பட்டார்கள். ஆயினும் அவர்களில் பலர் தம்மை ‘ஹிந்து’ என்றே, பழைய ஊர்வழக்குப்படி, பெருமையுடன் சொல்லிக்கொண்டனர். இந்தியாவைக் கண்ணால் காணாமலே.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பெரு நாட்டு அதிபராக ஃபூஜிமோரி என்பவர் இருந்தார் என்று படித்தேன். ஜப்பானியப் பெயர் கொண்டவர் அங்கே எப்படி?
— வாசகர், ஆத்தூர்

1899இல் சகுரா மாரு என்ற கப்பலில் 790 ஜப்பானியர்கள் பெருவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்றனர். அதற்கு முன்பே, 1849 முதல் 1874 வரை, ஏறக்குறைய ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். கியூபாவுக்கு 1847 முதல் சென்றவர்கள் அதைவிட அதிகம். கிட்டத்தட்ட அனைவரும் ஆண்கள் என்பதால் அந்நாட்டுப் பெண்களை மணந்தனர். நவீன ஓவியத்தில் பெரும்புகழ் பெற்ற கியூபாவின் விஃப்ரெடோ லாம், சீனத் தந்தைக்கும் ஆப்பிரிக்க வம்சாவளித் தாய்க்கும் 1902இல் பிறந்தவர். கோஸ்ட்டா ரிக்காவில் பிறந்து ஏழு முறை விண்வெளிக்குச் சென்ற ஃபிராங்க்ளின் சாங் தியாஸின் பெயரிலேயே இரு வழிகளும் தெரிகின்றன. மெக்சிகோவின் பாடகி ஆனா கபிரியேலின் தாய்வழித் தாத்தா சீனர்.

தேர்வுக்கு அவசியமில்லாவிட்டாலும் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள், தம்பி. 1990 முதல் 2000 வரை ஆண்ட ஆல்பர்ட்டோ ஃபூஜிமோரியின் பெற்றோர் இருவரும் ஜப்பானியரே. குருதியில் கலப்பில்லாத, ஆனால் மொழியாலும் மண்ணாலும் பெருவைச் சேர்ந்த ஆசியர் அவர். லாம் போன்றவர்கள் பிறப்பாலேயே இரு வழியினர். ‘ஆசிய லத்தீனோ’ என்று இன்று சொல்லும்போது இவ்விரு சாராரும் அடங்குகிறார்கள். ஜப்பானியரான ஃபூஜிமோரியை மக்கள் ‘சீனர்’ என்று பட்டப்பெயர் இட்டு அழைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்து ஊர் வைக்கும் பெயருக்குப் பூகோளம் தேவைப்படுவதில்லை.

பிரேசிலின் கதை இன்னும் விசித்திரமானது. 1908இல் காசாத்தோ மாரு கப்பலில் தொடங்கிய குடியேற்றத்தால், ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் நாடு அதுவே. 1990இல் ஜப்பான் தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, மூன்றாம் தலைமுறை வரையிலான வம்சாவளியினர் வந்து வேலை செய்ய இடமளித்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும், ஆனால் வந்தவர்கள் ‘நம்மவராக’வும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பிரேசிலில் பிறந்த நாள் முதல் ‘ஜப்பான்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் ஜப்பானில் இறங்கியதும் ‘பிரேசில்காரர்’ ஆனார்கள். குன்மா மாவட்டத்தின் ஓயிசுமி நகரில் போர்த்துக்கீசியப் பெயர்ப்பலகைக் கடைகள் வந்தது இப்படித்தான்.

என் மகளின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. கொலம்பியாவைச் சேர்ந்த மருமகன், பிறக்கப்போகும் குழந்தைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் வைக்க வேண்டும் என்கிறார். இதனால் பின்னால் சிக்கல் வருமா?
— வாசகர், சூரமங்கலம்

ஐயா, சிக்கல் வரலாம். ஆனால் உங்களுக்கு ஒரு நன்மையும் வருகிறது. ஸ்பானியம் பேசும் நாடுகளில் வழக்கமாகத் தந்தையின் முதல் குடும்பப் பெயரும், அதன் பின் தாயின் முதல் குடும்பப் பெயரும் பிள்ளைக்குச் சேர்கின்றன. பெண் மணமான பின்னும் தன் பெயரை வைத்துக்கொள்கிறாள். பிரேசிலில் பெரும்பாலும் தாயின் பெயர் முன்னும் தந்தையின் பெயர் பின்னும் வரும். நம்மிடமோ குடும்பப் பெயரே இல்லை. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகி, வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயராக வேடம் பூணுகிறது. இவ்விரண்டும் சேரும்போது, சேலத்து முறைப்படி ஒரு தலைமுறையோடு மறைந்துவிடக்கூடிய உங்கள் பெயர், மகள் வயிற்றுப் பிள்ளையின் பெயரில் சட்டபூர்வமாக நிற்கிறது. நம் மரபில் எந்த அப்புச்சிக்கும் இது வாய்த்ததில்லை.

சிக்கல் என்பது அலுவலகங்களில். குழந்தை அமெரிக்காவில் பிறந்தால், அங்கே சில எழுத்தர்கள் முதல் குடும்பப் பெயரை நடுப்பெயர் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் இரண்டையும் குடும்பப் பெயருக்கான கட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இடையில் இணைப்புக்கோடு இட்டால் இன்னும் நல்லது. கடவுச்சீட்டு, பள்ளி, வங்கி எல்லாவற்றிலும் ஒரே வரிசை இருக்கட்டும்.

ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். மகன் இப்போது அமெரிக்கக் குடிமகன். மருமகள் பெருவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண். பேரப்பிள்ளைகளுக்கு இந்தியாவோடு சட்டப்படி உறவு உண்டா? தோட்டம் அவர்களுக்குச் சேருமா?
— தோட்ட உரிமையாளர், ஏற்காடு

1950 ஜனவரி 26 அன்றோ அதன் பின்னரோ இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரர், கொள்ளுப்பேரர் ஆகியோர், வேறு நாட்டுக் குடிமக்களாயினும், கடல்கடந்த இந்தியர் அட்டைக்கு, அதாவது ஓசிஐ அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். மற்றொரு வழி பெருவா, ஜப்பானா என்பது தடையில்லை. பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமைத் தொடர்பு இருந்தால்தான் தடை. மருமகளும், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நீடித்திருந்தால், விண்ணப்பிக்கலாம். இந்த அட்டையால் வாக்குரிமை கிடைக்காது.

இந்த அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. நீங்கள் உயிருடன் இருக்கும்போது தோட்டத்தைத் தானமாக எழுதிக்கொடுக்கவும் இயலாது. ஆனால் வாரிசுரிமையாகப் பெறலாம். எனவே உயில்தான் வழி. வழக்கறிஞர் ஒருவரை வைத்து எழுதுங்கள். பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மேலே சூரமங்கலம் வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

இப்படிக் கலந்துகொண்டே போனால் எந்தப் பண்பாடும் மிஞ்சாது. இதையெல்லாம் பெருமையாக எழுதுவது எதற்கு?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

மிஞ்ச வேண்டும் என்று சட்டம் போட்டுப் பார்த்த ஊரும் உண்டு, ஐயா. மெக்சிகோவின் சோனோரா மாநிலம் 1923இல் மெக்சிகோப் பெண்கள் சீன ஆண்களை மணப்பதைத் தடை செய்தது. 1931 வாக்கில் சீனர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றியது. கணவனுடன் சென்ற மெக்சிகோப் பெண்கள் குடியுரிமை இழந்தவர்களாகப் பிள்ளைகளோடு தென் சீனாவில் போய்ச் சேர்ந்தனர். அவர்களுள் சிலர் 1930களின் இறுதியிலும், எஞ்சியவர்களில் பலர் 1960இலும் அரசின் ஏற்பாட்டில் திரும்பினார்கள். இடையில் போன ஆண்டுகளால் சோனோராவின் பண்பாடு எந்த வகையில் செழித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சேலத்தைச் சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகளை வாழவைக்கும் மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்கச் செடி. தட்டுவடை செட்டுக்குக் கார்ச்சட்னி தரும் மிளகாயும் மெக்சிகோ உள்ளிட்ட லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்ததே. இவற்றை எடுத்துவிட்டுத் தூய சேலத்தைச் சமைத்துக் காட்டினால் நானும் வந்து சாப்பிடுகிறேன்.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அடுத்த ஆண்டு பதினைந்து வயது. அவள் தந்தை வழியில் ‘கின்சியன்யேரா’ என்று பெரிய விழா எடுக்கிறார்களாம். நம் ஊர்ப் பூப்புனித நீராட்டு விழா போன்றதுதானா? தாய்மாமனாகிய நான் சீர் செய்யலாமா?
— வாசகர், ஓமலூர்

தோற்றத்தில் போன்றது, அடிப்படையில் வேறு. அது பிறந்தநாளைக் கணக்கிட்டு வரும் விழா, பூப்பெய்தியதை ஊருக்கு அறிவிப்பதன்று. ஆகவே அழைப்பிதழிலோ பேச்சிலோ நம் விழாவின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பெண் தன் பள்ளித் தோழிகள் முன் கூசிப்போவாள். வழக்கமாகக் காலையில் திருப்பலி, மாலையில் விருந்து, அகன்ற பாவாடையும் கிரீடமும், தந்தையுடன் ஒரு நடனம், தட்டைச் செருப்பை மாற்றி உயர்ந்த செருப்பை அணிவித்தல் என்று நடக்கும்.

சீர் செய்ய அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. கேக், கிரீடம், மோதிரம், இசை என்று ஒவ்வொரு செலவையும் ஒவ்வோர் உறவினர் ‘பத்ரீனோ’வாக, அதாவது ஞானத்தந்தை போன்ற ஆதரவாளராக, ஏற்பது மெக்சிகோ வழக்கம், அதற்கு இரத்த உறவு என்ற நிபந்தனைகூட இல்லை. முதல்நாள் போய் நின்று தாம்பூலத் தட்டை நீட்டினால் எங்கே வைப்பது என்று அவர்கள் திகைப்பார்கள். இப்போதே அக்காவிடம் பேசி, மாமன் பங்கு எது என்று அவள் மாமியாரைக் கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். பட்டுப்புடவை தருவதாக இருந்தால் திருப்பலிக்கு வேண்டாம். விருந்தின் நடுவே பெண்கள் உடை மாற்றிக்கொள்வதும் உண்டு, அந்த நேரம் பொருத்தமாக இருக்கும். ரவிக்கைக்கு அளவை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். உடுத்துவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.